சங்காடம்: ஒரு கலச்சொல்லின் பொருளும் பிறப்பும்

முன்னுரை

நீர்மேற் செல்லும் ஊர்திகளைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொற்கள் பலவாகும். கலம், நாவாய், வங்கம், அம்பி, திமில், தோணி, பஃறி, புணை, மிதவை எனப் பழந்தமிழ் நூல்களில் காணப்பெறும் சொற்கள் அறிஞர் பலராலும் ஆராயப்பெற்றுள்ளன. ஆயின், சங்க இலக்கியத்தில் இடம்பெறாது, கிரேக்க நூலொன்றிலும் பிற்கால அகராதிகளிலும் துறைமுக மக்களின் வாய்மொழியிலும் மட்டும் வாழ்ந்துவரும் ஒரு சொல் போதிய கவனம் பெறவில்லை. அச்சொல் 'சங்காடம்' என்பதாகும். இது 'சங்கடம்' எனவும் வழங்கும். இச்சொல்லின் பொருள், பிறப்பு, பரவல் ஆகியவற்றை ஆராய்வதும், கிரேக்கர் குறித்துவைத்த ஒரே காரணத்தால் ஒரு சொல்லைத் தனித்தமிழ்ச் சொல் எனத் துணியலாமா என்னும் வினாவுக்கு விடை காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கொச்சித் துறையில் வழங்கும் சொல்

கொச்சிக் கோட்டைக்கும் வைப்பின் தீவுக்கும் இடையே கொச்சிக் காயல் கடலொடு கலக்கும் வாயில் உள்ளது. இவ்வாயைக் கடந்து மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் அகன்ற தட்டுப்படகினை அப்பகுதி மக்கள் 'ஜங்கார்' என்பர். இரண்டு படகுகளை அருகருகே நிறுத்தி, அவற்றின்மேல் பலகைத் தளம் பரப்பி, தளத்தின்மீது வண்டிகளை ஏற்றிச் செல்வதே ஜங்காரின் பழைய அமைப்பு. 2018ஆம் ஆண்டில் கொச்சி மாநகராட்சி, கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பெற்ற 'சேதுசாகர்' என்னும் புதிய ஊர்திப் படகுகளை இத்துறையில் இயக்கத் தொடங்கியது. அவை இரும்பினாலான ஒற்றை உடற்கலங்கள். இணைப்பு என்பதே அவற்றில் இல்லை. எனினும் மக்கள் அவற்றையும் ஜங்கார் என்றே வழங்குகின்றனர். வடிவத்தைக் குறித்த சொல் பயனைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது எனலாம்.

இதே வட்டாரத்து மலையாளத்தில் 'சங்ஙாடம்' என்ற சொல்லும் உண்டு. அது மூங்கில் அல்லது மரங்களைப் பிணைத்துச் செய்யும் மிதவையைக் குறிக்கும். ஜங்காரும் சங்ஙாடமும் வெவ்வேறு பொருள்களைச் சுட்டும் வெவ்வேறு சொற்கள் என்றே பேசுவோர் கருதுகின்றனர். அவை ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பதைக் கீழ்வரும் சான்றுகள் உணர்த்தும்.

அகராதிச் சான்றுகள்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 'சங்கடம்' என்பதற்கு இன்னல் என்னும் பொருளைத் தருவதோடு, இரட்டைத் தோணி என்னும் பொருளையும் தனிச்சொல்லாகத் தருகின்றது. ஹெர்மன் குண்டர்ட் 1872இல் வெளியிட்ட மலையாள அகராதியும் 'சங்ஙாடம்' என்பதற்கு இரு படகுகளின் இணைப்பு, மிதவை ஆகிய பொருள்களைக் கூறுகிறது. துளுவில் இது 'ஜங்காலம்' என்றும், தெலுங்கில் 'சங்கடி' என்றும் வழங்கும். 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் என்னும் ஆங்கில–இந்தியச் சொற்றொகுதி 'ஜங்கார்' என்பதைத் தனிப்பதிவாகத் தந்து, அதனைத் தமிழ், மலையாளச் சொற்களோடும் போர்த்துக்கீசிய 'ஜங்கடா' என்னும் சொல்லோடும் இணைக்கிறது. தெற்கு வங்காள விரிகுடாக் கரை முதல் அரபிக் கடற்கரை வரை ஒரே பொருளில் இச்சொல் வழங்கியமை இதனால் பெறப்படும்.

இச்சான்றுகள் அனைத்திலும் பொதுவாக அமையும் பொருட்கூறு ஒன்று உண்டு. படகு ஒற்றைமரத் தோணியாகவும் இருக்கலாம், மூங்கிலாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றோடு ஒன்று பிணைக்கப்பட்டிருத்தல் மட்டும் எங்கும் மாறாது நிற்கிறது. எனவே இச்சொல்லின் உயிர்ப்பொருள் மரமும் அன்று, நீரும் அன்று. 'இணைப்பு' என்பதே ஆகும்.

கிரேக்க நூற்குறிப்பு

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க வணிகர் ஒருவரால் எழுதப்பெற்ற 'எரித்திரையக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் நூல் தமிழக வரலாற்றாய்வுக்கு இன்றியமையாத மூலங்களுள் ஒன்று. அந்நூலின் 60ஆம் பத்தி கீழைக்கடற்கரைத் துறைமுகங்களான கமரா, பொதுகே, சோபட்மா ஆகியவற்றைக் கூறுகிறது. இவற்றை முறையே காவிரிப்பூம்பட்டினம், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு, மரக்காணம் எனப் பெரும்பாலோர் கொள்வர். இத்துறைகளில் மூவகைக் கலங்கள் இருந்தனவாம். தமிழகக் கரையோரமாகச் செல்லும் உள்நாட்டுக் கலங்கள் ஒருவகை. கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் 'கொலாந்தியா' என்னும் பெருங்கலங்கள் மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையே, மிகப் பெரிய ஒற்றைமரத் தோணிகளைப் பிணைத்து அமைத்த 'சங்கரா' என்னும் கலங்களை நூலாசிரியர் குறிக்கிறார்.

நுகத்தில் மாடுகளைப் பூட்டுவதைக் குறிக்கும் கிரேக்க வினையையே ஆசிரியர் இங்குப் பயன்படுத்தியுள்ளார். ஆகவே அவர் கண்டது பல மரக்கட்டைகளை வரிசையாகக் கட்டிய கட்டுமரம் அன்று. நுகத்தடியால் இணைந்த இரு காளைகளைப்போல் இணைந்த தோணிகள் எனல் பொருந்தும். 1989இல் பெரிப்ளூசைப் புதிதாகப் பதிப்பித்து மொழிபெயர்த்த லயனல் காசனும் நுகத்தால் இணைக்கப்பெற்ற தோணிகள் என்றே பொருள் கொண்டார். பேரகராதி கூறும் 'இரட்டைத் தோணி' என்னும் பொருளோடு இது முற்றிலும் ஒத்துள்ளது.

ஒற்றைமரத் தோணிகள் அக்காலத்தில் வழங்கியமைக்கு அகழாய்வுச் சான்றும் உண்டு. கொச்சிக்கு வடக்கே, பறவூரை அடுத்த பட்டணத்தில் கேரள வரலாற்றாய்வுக் கழகம் 2007இல் நடத்திய அகழாய்வில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒற்றைமரத் தோணி ஒன்றும், படகு கட்டும் மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. முசிறித் துறையின் எச்சம் எனப் பலரும் கருதும் இவ்விடத்துத் தோணி தனித்தோணியே. ஆயினும், சங்காடம் அமைக்கத் தேவையான அடிப்படை உறுப்பு மேற்குக் கரையில் கைவசம் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

டகரமும் ரகரமும்

'சங்கரா' என்பதைச் 'சங்காடம்' எனக் கொள்வதற்கு ஒலியியல் தடை ஒன்று உண்டு. தமிழ் டகரம் கிரேக்கத்தில் ரகரமாவது எங்ஙனம்? இதற்கு விடை பெரிப்ளூசிலேயே கிடைக்கிறது. மிளகு விளையும் நாட்டினை அந்நூலின் 56ஆம் பத்தி 'கொட்டநாரிகே' என்று பெயரிடுகிறது. இது குட்டநாடு என்பதன் திரிபு எனப் பெரும்பாலோர் கொள்வர். 'நாடு' என்பதன் இடைநின்ற டகரம் இங்கே ரகரமாக எழுதப்பட்டுள்ளது. உயிர்களுக்கிடையே நாவை வளைத்து மெல்ல ஒலிக்கும் டகரத்துக்கு நேரான ஒலி கிரேக்கத்தில் இல்லை, அண்மையது ரகரமே. ஆகவே 'நாடு' 'நார' ஆனவாறே 'சங்காட' 'சங்கர' ஆயிற்று என்பது ஒரே நூலின் எழுத்து வழக்கைக்கொண்டே நிறுவத்தக்கது.

இன்றைய கொச்சி 'ஜங்கார்' என்பதிலும் ரகரமே உள்ளது. அதனால் கிரேக்க வடிவம் ஈராயிரம் ஆண்டுகளாக அங்கு நிலைத்துள்ளது எனக் கொள்ளுதல் பிழையாகும். கிரேக்கரும் பிற்கால ஐரோப்பியரும் ஒரே டகரத்தைத் தனித்தனியே ரகரமாகக் கேட்டனர் என்பதே பொருத்தமான விளக்கம். சொல்முதல் ஜகரம் துளு வடிவத்திலேயே இருப்பதால், அது அயலார் திரிபன்று. மேற்குக் கரையின் வழக்கே எனலாம்.

பிறப்புப் பற்றிய கருத்துகள்

பெரிப்ளூசின் 'சங்கரா' பற்றி ஐரோப்பிய அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பென்ஃபை இதனை வணிகம் என்னும் பொருள் தரும் வடசொல்லோடு இணைத்தார். லாஸன் அதனை ஐயுற்று மலாய் மூலத்தை நாடினார். கால்டுவெல் மலையாளச் 'சங்ஙாட'த்தையும் துளு 'ஜங்கால'த்தையும் காட்டி, தென்னாட்டு வழக்கோடு இதனை இணைத்தார். 1912இல் பெரிப்ளூசை ஆங்கிலத்தில் தந்த ஷாஃப் இக்கருத்துகளைத் தம் குறிப்பில் தொகுத்துள்ளார்.

இவற்றுள் வணிகப் பொருளுக்குக் கலத்தின் அமைப்போடு தொடர்பில்லை. மலாய் மூலத்துக்கு, கரையிலேயே வழங்கும் சொற்கள் இருக்க, தேவையில்லை. கால்டுவெல்லின் இணைப்பு உறுதியானது. ஆனால் அது சொல் எங்கு வழங்கியது என்பதைக் காட்டுமேயன்றி எங்குப் பிறந்தது என்பதைக் காட்டாது.

வடமொழியில் 'ஸங்காட' என்பது மரங்களைப் பொருத்தி இணைத்தல் என்னும் பொருளுடையது. வான்மீகி இராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில், யமுனையைக் கடக்க இராமலக்குவர் மரங்களைப் பிணைத்துப் பெருமிதவை செய்யுமிடத்தில் இச்சொல் மரத்தைக் குறிக்கும் சொல்லோடு தொகையாக வருகிறது. பாலி மொழியிலும் இது மிதவையைக் குறிக்கும். கம்பர் இதே இடத்தில் 'தெப்பம்' என்னும் சொல்லை ஆள்வதும் ஒப்பு நோக்கத்தக்கது. பொருளும் வடிவும் ஒத்துவரும் இச்சான்றுகளை நோக்க, சங்காடம் வடசொல் வழியாக, பெரும்பாலும் பாகத வணிகர் வாயிலாக, தமிழகக் கரையை அடைந்தது எனக் கொள்வதே முறையாகும். வடசொற்கள் தமிழ் ஒலிக்கேற்பத் திரிந்து வழங்குவதைத் தொல்காப்பியரே ஏற்றுள்ளார். ஆகவே இம்முடிவு தமிழின் தொன்மைக்கு இழுக்காகாது. மாறாக, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே சோழநாட்டுத் துறைகளில் வடபுலச் சொல்லொன்று உள்நாட்டுக் கலத்தின் பெயராக நிலைபெற்றிருந்தது என்னும் வரலாற்றுச் செய்தியை அது தருகிறது.

சங்காடமும் சங்காத்தமும்

குண்டர்ட் தம் அகராதியில் 'சங்ஙாடம்' என்பதனை அடுத்து 'சங்ஙாதம்' என்ற சொல்லையும் பதிவுசெய்துள்ளார். துணை, காவல், அயல்நாட்டின் வழியே பயணியரைக் காப்புடன் அழைத்துச் செல்லும் நாயர் என்பன அதன் பொருள்கள். தாம் பொறுப்பேற்ற பயணிக்குத் தீங்கு நேரின் தம் உயிரையும் ஈடாக்கும் கடப்பாடு இவர்க்கு இருந்தது. இவர்களையும் போர்த்துக்கீசியர் 'ஜங்கடா' என்றே எழுதினர். இதனால் மிதவைக்கும் வழித்துணைவனுக்கும் ஐரோப்பிய ஏடுகளில் ஒரே பெயர் அமைந்தது. ஹாப்சன்–ஜாப்சன் இவற்றை இரு பதிவுகளாகத் தந்து, இரண்டையும் ஒரே மூலத்தோடு இணைக்கிறது.

சங்ஙாதம் என்பதன் அடியாகப் பிறந்ததே நண்பனைக் குறிக்கும் 'சங்ஙாதி' என்னும் மலையாளச் சொல். தமிழில் 'அவன் சங்காத்தமே வேண்டாம்' என வழங்கும் சங்காத்தமும் இவ்வினமே. வடமொழியில் 'ஸங்காத' என்பது திரட்சி, கூட்டம் எனப் பொருள்படும். 'ஸங்காட' என்பது பொருத்துதல் எனப் பொருள்படும். ஒலியால் இவை இரண்டு சொற்களே. ஆனால் தென்னாட்டு மொழிகளில் இவ்விரண்டின் பொருளும் ஒன்றோடு ஒன்று கலந்துள்ளமை தெளிவு. தெலுங்கில் 'சங்கடி' என்பது இணைப்படகையும் நட்பையும் குறிக்கும். 'சங்கடிகாடு' என்பான் தோழன். கன்னடத்தில் 'சங்கட' என்பது 'உடன்' என்னும் பொருளது. 'சங்கடிக' என்பான் துணைவன். டகர வடிவமே இம்மொழிகளில் தோழமையைக் குறிக்கிறது. எனவே நீர்மேல் இரு தோணிகளின் இணைப்பும் நிலத்தில் இரு மனிதரின் இணைப்பும் ஒரே சொற்குடும்பத்தால் குறிக்கப்பெற்றன என்பது மிகையன்று.

புணை என்னும் தமிழ்ச்சொல்

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. கலத்தையும் காவலையும் ஒரே சொல்லால் குறிக்கும் மரபு வடசொல்லோடு வந்ததா, அன்றி இங்கு முன்னரே இருந்ததா? இதற்குப் 'புணை' என்னும் தமிழ்ச்சொல் விடை தருகிறது. புணை என்பது பிணைத்துச் செய்யப்பட்ட தெப்பம். அதுவே உதவி, ஈடு, பிணை ஆகிய பொருள்களையும் தரும்.

புறநானூற்றின் 192ஆம் பாடலில் ஆற்றுநீரின் போக்கில் செல்லும் புணை உயிர்வாழ்க்கைக்கு உவமை ஆகிறது. குறுந்தொகை 222இல் தலைவியும் தோழியும் புனலாடும்போது ஒரே புணையைப் பற்றிக்கொள்கின்றனர். ஒருத்தி தலைப்பக்கத்தைப் பிடித்தால் மற்றவளும் தலைப்பக்கத்தையே பிடிக்கிறாள்; கடைப்பக்கத்தைப் பிடித்தால் அவளும் அதனையே பிடிக்கிறாள். அவர்தம் பிரியா நட்பைப் புணையே புலப்படுத்துகிறது. திருக்குறள் 306ஆம் குறளில் வள்ளுவர் ஒருவனுக்குப் பாதுகாப்பாய் அமையும் இனத்தாரைப் புணையாகவே உருவகித்து, சினம் அப்புணையையும் எரித்துவிடும் என்கிறார். காவல், சுற்றம், மிதவை ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் கூடும் இடம் இது.

ஆகவே, சங்காடம் என்னும் சொல் வெளியிலிருந்து வந்தது. ஆனால் அது சென்று சேர்ந்த பொருட்களம் தமிழில் முன்பே அமைந்திருந்தது. கட்டிய மரம் காக்கும், கூடிய மனிதர் காப்பர் என்னும் எண்ணம் புணை என்ற சொல்லில் ஏற்கெனவே இருந்தமையால், புதிய சொல் எளிதில் வேரூன்றிற்று எனக் கருதலாம். சொல்லின் பிறப்பிடத்தையும் கருத்தின் பிறப்பிடத்தையும் ஒன்றெனக் கொள்வதனால் வரும் பிழையினை இந்த எடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

மலையாளத்தில் நின்றதும் தமிழில் மறைந்ததும்

இன்றைய தமிழில் சங்கடம் என்றால் துன்பம் என்பதே யாவர்க்கும் தோன்றும். படகுப் பொருள் வழக்கிழந்தது. மலையாளத்திலோ அது உயிருடன் உள்ளது. இவ்வேறுபாட்டுக்கு ஒலிமாற்றமே காரணம் எனத் தோன்றுகிறது.

துன்பத்தைக் குறிக்கும் சங்கடம், நெருக்கடி எனப் பொருள்படும் வேறொரு வடசொல்லின் வழி வந்தது. தமிழ் எழுத்தில் அதுவும் கலப்பெயரின் குறுகிய வடிவும் ஒன்றாயின. அன்றாட வழக்கில் மிகுதியாகப் பயின்ற துன்பப் பொருள் நிலைக்க, மற்றது பின்தங்கியது.

மலையாளத்தில் மூக்கொலியை அடுத்த வல்லெழுத்து அம்மூக்கொலியாகவே மாறும். தேங்காய் 'தேங்ஙா' ஆனதும் மாங்காய் 'மாங்ஙா' ஆனதும் இவ்விதியாலேயே. இதனை ஏ.ஆர். ராஜராஜவர்மா தம் 'கேரள பாணினீய'த்தில் மலையாளத்தைத் தமிழினின்று பிரிக்கும் இயல்புகளுள் ஒன்றாக வகுத்தார். சங்காடம் 'சங்ஙாடம்' ஆகியது. துன்பத்தைக் குறிக்கும் 'சங்கடம்' அவ்வாறு மாறவில்லை. இதிலிருந்து இரு செய்திகள் பெறப்படும். ஒன்று, இருசொற்களும் மலையாளத்தில் வேறாகப் பிரிந்தமையால் கலப்பெயர் காக்கப்பட்டது. மற்றொன்று, கலப்பெயர் இவ்வொலிமாற்றத்துக்கு முன்பே, தமிழும் மலையாளமும் பிரியாத நிலையிலேயே மேற்குக் கரையில் மக்கள் வழக்காகி இருந்தது. துன்பப் பெயர் பின்னர் நூல்வழக்கிலிருந்து வந்தது. சங்ஙாடம் இவ்வகையில் பழந்தமிழ்க் கரைவழக்கின் எச்சமாகும்.

கடல் கடந்த சொல்

1500இல் கப்ரால் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பற்படை முதலில் பிரேசில் கரையைக் கண்டது. அக்கரை மக்கள் மூன்று மரங்களைப் பிணைத்துச் செய்த மிதவைகளில் வந்ததை உடன்சென்ற பேரோ வாஸ் த கமிஞ்ஞா தம் மடலில் எழுதினார். அப்போது அவர் அதற்கு 'ஜங்கடா' என்னும் பெயரை வழங்கவில்லை. அதே படை அவ்வாண்டின் இறுதியில் கொச்சியை அடைந்தது. 1503இல் கொச்சியில் போர்த்துக்கீசியர் கோட்டை எழுந்தது. நம் கரையில் கற்ற சொல்லைப் பின்னர் அவர்கள் பிரேசில் மிதவைக்கும் சூட்டினர். வடகிழக்குப் பிரேசிலின் பாய்கட்டிய மீன்பிடி மிதவை இன்றும் ஜங்கடா என்றே பெயர்பெறுகிறது. 1881இல் அந்நாட்டுச் செயாரா மாநிலத்து ஜங்கடா ஓட்டிகள், அடிமைகளைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றிச்செல்ல மறுத்து ஒன்றுபட்டு நின்றனர். 1884இல் அம்மாநிலம் அடிமை முறையை ஒழித்தது.

இதனோடு ஒப்பிடத்தக்கது கட்டுமரம் என்னும் சொல்லின் வரலாறு. டாம்பியரின் 1697ஆம் ஆண்டுப் பயண நூல் வழியாக ஆங்கிலத்தில் பரவிய இச்சொல், அமெரிக்கரான ஹெரஷாஃப் 1876இல் கட்டிய இரட்டை உடற்படகுக்குப் பின் அவ்வகைக் கலங்களுக்கே பெயராயிற்று. தமிழரின் கட்டுமரமோ இரட்டை உடற்கலம் அன்று. பல மரங்களை ஒரே தளமாகக் கட்டியது. இரு உடல்களைத் தளத்தால் இணைத்த கலத்துக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் சங்காடம். உலகம் இன்று 'கேட்டமரான்' என்று அழைப்பதன் சரியான பழம்பெயர் இதுவே எனலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவின் படகுகள் இத்தகைய இரட்டை உடற்கலங்களே. கப்பல் தொழில்நுட்பத்தைத் தனித்துறையாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் அமைந்த களமசேரியில் பயிலும் மாணவர் அவ்வமைப்பினைக் கேட்டமரான் என்றே படிப்பர். காயல் வாயில் ஒற்றை உடற்கலம் ஜங்கார் எனப்படுகிறது. உண்மையான சங்காடமோ கட்டுமரத்தின் பெயர் பூண்டு அதே நீரில் செல்கிறது.

முடிவுரை

பெரிப்ளூஸ் கூறும் 'சங்கரா' என்பது சங்காடம் என்னும் இரட்டைத் தோணியே. கொட்டநாரிகே என்னும் இடப்பெயரில் காணும் டகர, ரகர மாற்றம் இதனை உறுதிப்படுத்துகிறது.

இச்சொல்லின் அடிப்படைப் பொருள் இணைப்பு. பிறப்பால் இது வடசொல், ஆயின் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே தமிழகக் கரையின் வழக்குச் சொல்.

கலமும் துணையும் ஒரே சொற்குடும்பத்தால் குறிக்கப்பெறுதல் தெலுங்கு, கன்னடம், மலையாளம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் காணப்படுகிறது. புணை என்னும் தமிழ்ச்சொல்லிலும் இக்கருத்து வேரூன்றியுள்ளது.

தமிழில் இச்சொல் துன்பப் பொருட் சொல்லோடு வடிவொத்தமையால் மறைந்தது. மலையாளத்தில் ஒலிமாற்றத்தால் பிழைத்தது. தமிழ்க் கலச்சொற்களை ஆராய்வோர் இலக்கியத்தை மட்டுமன்றி மேற்குக் கரையின் துறைவழக்குகளையும் தொகுத்தல் வேண்டும் என்பதை இது வலியுறுத்துகிறது. தமிழ் ஏடுகளில் மறைந்த சொற்கள் சில, கொச்சி போன்ற துறைகளில் படகோட்டியர் வாயில் இன்னும் வழங்கிக் கொண்டிருக்கக்கூடும்.